நோவுக்கு மருந்து

1

தை மாதம் போடிக்கு வந்து என் மகள் கயலுக்கு ஏழாம் மாத வளையல் போட்டோம். நீங்களும் வந்தீர்கள், ஏழு வகைச் சோறு சாப்பிட்டீர்கள், "ஈஸ்வரி நார்வே போயும் மாறலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மறுநாளிலிருந்து நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உங்களில் பல பேருக்கு வருத்தம். ஃபோனில் கேட்கவும் செய்தீர்கள். ஃபோனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. எட்டாங்கிளாசோடு நின்றவள் நான். மிச்சத்தையெல்லாம் மனுசர் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதனால் பேசுகிற மாதிரிதான் எழுத வரும்.

நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வருசத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்யும் ஊர். என் வீட்டுக்காரர் முதலில் மீன் கம்பெனியில் இருந்தார், இப்போது பஸ் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை பார்க்கிறேன். காலையில் உருளைக்கிழங்கு, மத்தியானம் உருளைக்கிழங்கு. கூட வேலை செய்கிறவர்களிடம் ஆளுக்கொரு சொலவடை இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வேன். "மோசமான மழை என்று ஒன்று கிடையாது, மோசமான சட்டைதான் உண்டு" என்பார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால், சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசு என்பார்கள்.

பதிலுக்கு நான் அவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. என் பிரசவக் கதை. இந்த ஊரில் பிள்ளை பெறப் போகிற பெண்கள் நிறைய பேர் வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட்டுக்கொள்வார்கள். எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. கயல் பிறந்த மறுநாள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒன்னப் பாத்ததுமே, இவளுக்கு மருந்து தேவையில்லன்னு விட்டுட்டாங்க ஈசு. ஏலமலைப் பொம்பளைன்னா சும்மாவா?"

நான் நம்பினேன். என்னைப் பார்த்ததுமே என் தெம்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று நம்பினேன். பாஷை தெரியாமல், பஸ் ஏறத் தெரியாமல், கடையில் உப்பு என்று நினைத்துச் சீனி வாங்கி வந்த அந்த முதல் வருசத்தில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். தமிழ்ச் சங்கப் பொங்கலில் சொன்னேன், சமையல்கட்டில் சொன்னேன், கயலுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னேன்.

ஊட்டின சோறு போலவே அந்தக் கதையும் அவள் உடம்பில் ஒட்டிவிட்டது. அவளுக்குத் தமிழ் இப்போது விருந்தாளி மாதிரி, நாள் கிழமைக்குத்தான் வீட்டுக்கு வரும். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் தமிழில்தான் சொன்னாள்: "அம்மாக்கு முடிஞ்சுது. எனக்கும் முடியும். நான் ஊசி எடுக்க மாட்டேன்."

அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். ஒருநாள் பாத்திரம் துடைக்கும்போது கயல் மெதுவாக என்னிடம் கேட்டாள். "ஒண்ணுலேர்ந்து பத்துல, எவ்வளவு வலிச்சுது?"

"பத்துக்கு மேல நம்பர் இருக்கா?"

"அப்ப ஏன் நீ மருந்து கேக்கல?"

"கேக்கலாம்னே எனக்குத் தெரியாது. யாரும் வேணுமான்னும் கேக்கல."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அம்மாவைவிடக் குறைந்தவளாகிவிடக் கூடாது என்ற பயம் அதைவிடப் பெரியது என்பதும் தெரிந்தது.

2

வளையல் போட்டு எல்லாரும் கிளம்பின பிறகு, மிச்சமிருந்த புளிச்சோற்றை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் நாலைந்து பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரரின் அக்கா பேச்சியம்மா மதினியை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போடியிலிருந்து விடியக் கருக்கலில் ஜீப்பில் ஏறி, மேட்டு வளைவெல்லாம் கடந்து, ஏலக்காய் எடுக்கப் போய் வந்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். மூத்தவனை அந்த ஜீப்பிலேயேதான் பெற்றார், இறங்கி வரும் வழியில், ஒரு வளைவில். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டானாம். "பெய, அம்புட்டு மரியாதக்காரன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

மதினி கயலின் கையைப் பிடித்து வளையல்களைக் குலுக்கிப் பார்த்தார்.

"ஏத்தா கயலு, அங்க முதுகுல ஊசி போடுவாகளாமே? நீ போட்டுக்குவியா?"

"இல்ல அத்தை. அம்மா மாதிரி."

அதற்குள் அவள் புருசன் நார்வேயிலிருந்து வீடியோவில் கூப்பிட, ஃபோனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மதினி வாயில் சேலையை வைத்துச் சிரித்தார்.

"ஒன்ன மாதிரியாமில்ல! அடியே ஈஸ்வரி, நீ நோவையும் வலியையும் கொழப்பிக்கிட்டுப் பெத்தவன்னு ஒம் மகளுக்குத் தெரியாதா?"

"என்ன மதினி சொல்றீக?"

"இந்தா, நடிக்காத. ஒனக்கும் நர்சம்மாவுக்கும் நடுவுல பேசுன அந்தச் சிலோன்காரரு ஃபோன்ல 'நோவுக்கு மருந்து வேணுமா'ன்னு கேட்டாராம். நீ 'எனக்கு நோவு ஒண்ணும் கெடையாது'ன்னியாம். அவரு அதை அப்பிடியே அங்கிட்டுச் சொல்ல, நர்சம்மா வாயப் பொளந்துட்டாளாம். எந் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பானே!"

கொழுந்தன் பெண்சாதி பக்கத்தில் இருந்தாள். "நாங்க ஒங்களுக்குப் பட்டப்பேரே வச்சிருந்தோம்க்கா. 'நோவில்லாத மகராசி'ன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் முதலில் நிறுத்தியவர் மதினிதான்.

"ஆத்தாடி. ஒனக்குத் தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது என்போமே, அந்தச் சோற்றை நானே அள்ளி அள்ளி எல்லாருக்கும் பரிமாறியிருக்கிறேன். போன தடவை வந்தபோதுகூட இதே கூடத்தில் உட்கார்ந்து, இதே ஆட்களிடம், என்னைப் பார்த்ததும் டாக்டர்கள் அசந்துபோன கதையைச் சொன்னேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

3

நோவு என்றால் நமக்கு என்ன? கோழிக்கு வருவது. ஏலச்செடிக்கு வருவது. இலை வெளுத்துச் சுருண்டால், "செடிக்கு நோவு விழுந்துருச்சு, மருந்து அடிக்கணும்" என்போம். மனுசருக்கு வந்தால் அது படுக்கையில் போடுகிற வியாதி. கால் நோகுது, மனசு நோகுது என்று நாமும் சொல்வோம்தான். ஆனால் பிள்ளை பெறுகிறவளுக்கு வருவது வலி. நம் ஊரில் யாராவது "அவளுக்கு நோவு எடுத்துருச்சு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நோவுதான் வலி. தலைநோ, வயிற்றுநோ என்பார்கள். இங்கே நார்வேயில் தமிழ் என்றால் அநேகமாக அவர்கள் தமிழ்தான். ஆஸ்பத்திரியில் பாஷை தெரியாதவளுக்குப் புருசனே மொழிபெயர்க்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு உண்டு. பெண்டாட்டி சொல்வதைப் புருசன் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுவான் என்று. நல்ல ஏற்பாடு. அதற்காகத்தான் ஃபோனில் ஒரு ஆளைப் பிடித்து, கட்டில் பக்கத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

மதினி எடுத்துக் கொடுத்த பிறகு அந்தக் குரல் எனக்கு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. வயசான, பதமான குரல். "பிள்ளை, உமக்கு நோவுக்கு மருந்து தரட்டோ எண்டு கேக்கினம்."

இடுப்பு இரண்டாகப் பிளக்கிற நேரம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெளிநாட்டிலிருந்து வந்தவள், ஏதாவது தொத்து வியாதி கொண்டுவந்திருப்பாளோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்தேன். விசா எடுக்கும்போது நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள்தானே. ரோசம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு நோவு ஒண்ணும் கெடையாது. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் நார்வே பாஷையில் ஏதோ சொன்னார். மருத்துவச்சி என் முகத்தையும் ஃபோனையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் ஃபோனை வைத்துவிட்டுப் போனாள்.

பின்னால் யாழ்ப்பாணத்து அக்காமாரோடு பழகி, அந்தச் சொல் எனக்கும் பழகித்தான் போனது. ஆனாலும் அன்றைக்குக் கேட்ட கேள்வியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மருந்து வேணுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை என்றே இருந்துவிட்டேன்.

தப்பு அந்தப் பெரியவருடையது இல்லை. அவர் தமிழில் அவர் கேட்டார், என் தமிழில் நான் சொன்னேன். ஆனால் இரண்டு தமிழும் தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் நின்றிருந்தார். மீன் கம்பெனியில் யாழ்ப்பாணத்துப் பையன்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்.

4

மறுநாள் காலை, நார்வேக்கு எடுத்துப் போக ஏலக்காய் வாங்குவதற்காக இருவரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். வழக்கமாக வாங்குகிற பாய் கடை. பாய் ஒரு கை காயை அள்ளி இவர் உள்ளங்கையில் கொட்டினார். இவர் ஒன்றை உரித்து மோந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் கேட்டேன். வீட்டில் கேட்டால் கயல் காதில் விழும்.

"அன்னைக்கு அந்த நர்சம்மா ஒங்களப் பாத்து என்ன கேட்டா?"

"என்னைக்கு?"

"கயலு பொறந்த அன்னைக்கு. நான் நோவு இல்லன்னு சொன்னப்ப."

உரித்த காய் அப்படியே விரலில் நின்றது. பாய் பெரிய மனுசர், எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார்.

"அக்கா சொல்லிருச்சா?"

"அக்கா சொன்னது இருக்கட்டும். அவ என்ன கேட்டா?"

"'நெசமாவா'ன்னு கேட்டா."

"நீங்க?"

தெருவில் ஒரு ஜீப்பு லோடு ஏற்றிக்கொண்டு ஆரன் அடித்தது. அது நகரும்வரை நின்றார்.

"'நெசந்தான், எங்க ஊருப் பொம்பளைக எடுக்க மாட்டாக'ன்னேன்." பிறகு வெரசாகச் சொன்னார்: "பயந்துட்டேன் ஈசு. முதுகுத்தண்டுல ஊசின்னாங்க. கூட வேல பாத்த பெய ஒருத்தன், கால் வெளங்காமப் போயிரும்னு சொல்லிருந்தான். எனக்கு என்ன தெரியும்? நானும் சின்னப் பெயதான அப்ப."

"சரி, பயந்தீக. எங்கிட்ட அதச் சொல்லிருக்கலாம்ல? 'ஈசு, ஒன்னக் கேக்குறது வலிக்கு மருந்து, எனக்குப் பயமா இருக்கு, நீ என்ன சொல்ற'ன்னு ஒரு வார்த்த?"

"சொன்னா நீ வேணும்ப."

இதுதான். இதற்கு மேல் ஒரு உண்மையை மனுசன் வாயிலிருந்து பிடுங்க முடியாது. வேணும் என்பேன் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

"பெறகாவது சொல்லிருக்கலாம்."

"நீ சந்தோசமா இருந்த. நாலு பேருகிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்ட. அத எதுக்குக் கெடுக்கணும்னு..."

"எனக்குப் பெருமை. ஒங்க அக்கா தங்கச்சிக்குச் சிரிப்பு. நல்லாத்தான் பங்கு வச்சுருக்கீக."

உள்ளங்கைக் காயைச் சாக்கிலேயே கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "கயலுகிட்டச் சொல்லாத ஈசு. அவ அந்த ஊருப் பிள்ள. மன்னிக்க மாட்டா."

நான் மன்னிப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை பாருங்கள். அதுதான் எனக்கு ஊசியைவிட ஆழமாக இறங்கியது.

5

நார்வே திரும்பினோம். பனி உருகிச் சகதியாகக் கிடந்தது. காலையில் வேலை, உருளைக்கிழங்கு. சமையல்கட்டில் ஒருத்தி, "உன் மகளும் உன்னை மாதிரித்தானாமே, கெட்டிக்காரி" என்றாள். நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் இவர் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டு வைக்க ஆரம்பித்தார். குடித்தேன். ருசி சொல்லவில்லை.

கயலிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. சொன்னால் அவளுக்கு அப்பன் போய்விடுவான், எனக்கு என் கதை போய்விடும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் எனக்கு வந்துதான் தெரிந்திருக்கிறதே. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்து, இவள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக் கிடந்தால், அன்றைக்கு எனக்காக இவர் பதில் சொன்ன மாதிரி, இவளுக்காகப் பதில் சொல்கிறவள் நானாகிவிடுவேன்.

கயல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குத் தொட்டில் பார்க்கப் போனாள். கார்களை ஏற்றிப் போகிற படகில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மழை கண்ணாடியில் வழிந்தது. அங்கே வைத்துச் சொன்னேன். நோவு என்ற சொல்லை அவளுக்கு விளக்குவதற்கே பாதிக் கடல் கடந்துவிட்டது.

முதலில் அவள் நார்வே பாஷையில் ஏதேதோ சொன்னாள். எனக்குப் புரிகிற வேகத்தில் இல்லை. பிறகு நிறுத்தி, தமிழைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அவங்க உன்னைக் கேட்டாங்க. உனக்குப் புரியல. அப்பா பதில் சொன்னார்."

"ஆமா."

"தெரிஞ்சே."

"தெரிஞ்சுதான் ஆத்தா."

வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது, ஊசி போடப் போனா நீ இந்தக் கதை சொல்வ. நான் அழ மாட்டேன்." இருக்கையை ஒருதரம் பின்னால் தள்ளிக்கொண்டாள். "எனக்குப் பயம் அம்மா. முதல்ல இருந்தே பயம். நீ பயப்படாதவன்னு நினைச்சேன், அதனால சொல்லல."

"நீ போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என்னை மட்டும் காரணமாக் காட்டாத. நான் வேணாம்னு சொன்னவ இல்ல."

படகு கரை தட்டியது. பின்னால் நின்ற கார்க்காரன் ஆரன் அடிக்கிற வரைக்கும் இவள் வண்டியை எடுக்கவில்லை.

6

பங்குனியில் ஒரு காலை வேளையில் அவளுக்கு வலி கண்டது. அவள் புருசனோடு நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ அறை வாசலில் கயல் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க வெளியே இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பஸ்ஸில் ஒரு ஆளுக்கு இடம் காட்டுகிற மாதிரிச் சொன்னாள். அவர் தாழ்வாரத்தில் நின்றுவிட்டார்.

முதலில் அவள் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து பார்த்தாள். முகமூடி வைத்து ஏதோ வாயுவை இழுத்துப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் என் கையை நெரித்தாள். மருத்துவச்சி வந்து கேட்டாள். அவள் பாஷையில், அவளுக்குப் புரிகிற சொல்லில், அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கயல் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வேணும்" என்றாள்.

முதுகை வளைத்து உட்கார வைத்து ஊசி போட்டார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்காது. பக்கத்தில் ஒரு மெஷின் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. வலி ஏற ஏறக் கோடும் ஏறும். நம் ஏலமலை மாதிரி நெட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டில் கம்பியைக் கடித்தவள் நான். கயல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே புருசனிடம் பிஸ்கட் கேட்டாள். அடுத்த ஏற்றத்தில் தூங்கிப்போனாள்.

சந்தோசப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. சந்தோசமும் இருந்தது. ஆனால் அவள் மூச்சு சீராக வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், என்னிடமிருந்து எடுக்கப்பட்டது எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்த்தேன். இவ்வளவு நாளும் வெறும் சொல்லாகத்தான் தெரிந்திருந்தது. இது என் கண் முன்னாலேயே படுத்துத் தூங்கியது. எனக்கும் ஒரு தூக்கம் இருந்திருக்கிறது. அதைத்தான் ஒருத்தர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் ஆண் குழந்தை பிறந்தது. தள்ளும்போது வலித்தது, கத்தினாள், பிறகு சிரித்தாள்.

என் ஃபோன் அடித்தது. மதினி. நம் ஊரில் பொழுது சாய்கிற நேரம், பின்னால் பஸ்சுச் சத்தம்.

"பெத்துட்டாளா ஈஸ்வரி? ஆணா பொண்ணா?"

"ஆணு மதினி. ரெண்டு பேரும் நல்லாருக்காக. ஊசி போட்டுத்தான் பெத்தா. கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டா. எல்லாருகிட்டயும் சொல்லுங்க."

ஏதாவது சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். நான் கேட்டேயிராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"வலிக்கவே இல்லையாமா?"

"நடுவுல தூங்கினா மதினி. நல்லாத் தூங்கினா."

"தூங்கினாளா." அந்த ஜீப்பையும் வளைவையும் நினைத்திருப்பார் போல. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பிள்ள பெறும்போது தூங்கலாமா ஆத்தா?"

"தூங்கலாம் போல மதினி."

மதினி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி கேட்டார்.

"எந் தம்பி எங்க? பேரனப் பாத்துட்டானா?"

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்தபடி இவர் நின்றிருந்தார்.

"இன்னும் இல்ல. வெளிய நிக்கிறாரு."

"நிக்கட்டும்" என்றார் மதினி.